வட்டத்தில் விட்ட இடம்

சொறிக்கல்முனைக் கிறகரியின் வரலாற்றை அவருடைய இடது கையிலிருந்து தொடங்குவதே முறை. பிறவியில் அவர் இடதுகைக்காரர். சிறுவயதில் ஓர் ஆசிரியர் அந்தக் கைக்குப் பிரம்பால் நல்லறிவு புகட்டினார். அன்றிலிருந்து வலது கை எழுதுவதற்கு, இடது கை முதுகு சொறிவதற்கு என்று பாகப்பிரிவினை ஆயிற்று. அவர் வேலை பார்த்த கந்தோரில் எவருக்கும் இந்தப் பூர்வீகம் தெரியாது.

கல்முனையில் காரியாதிகாரியின் லிகிதராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்த கிறகரிக்குக் குடிப்பழக்கம் இல்லை. அகராதிப் பழக்கம் இருந்தது. ஊர் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் விட்டுப்போன ஆங்கில அகராதி அது. முதல் எழுத்து முழுவதையும் கறையான் கற்றுத் தேர்ந்திருந்தது. எஞ்சியதில், தலைமையையும் குறும்பையும் பற்றிய பழஞ்சொற்களில்தான் அவருக்கு மோகம். ‘பெல்வெதர்’ என்றால் மந்தைக்கு முன்னே நடக்கும் மணி கட்டிய கடா, காயடித்தது. ‘பன்ஜாண்ட்ரம்’ என்றால் தன்னைப் பெரியவர் என்று தானே நம்பும் பெரியவர். இந்தச் சொல்லைத் தம் துரையான காரியாதிகாரிக்கென்று மனத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்தார். ‘ரிங்லீடர்’ முற்காலத்தில் வட்டமாய் நின்று ஆடுவோரில் முதலடி வைப்பவன். பிற்காலத்தில் கலகத்துக்கு முதலடி வைப்பவன். எல்லாவற்றிலும் இனியது ‘ரவுண்ட் ராபின்’: முதற்பெயர் எதுவென்று தெரியாதபடி பெயர்களை வட்டமாகப் போட்ட முறைப்பாடு.

கணவர் இரவில் அகராதியோடு சிரிப்பதைக் கேட்ட சகாயம்மா, கோவிலில் அவருக்காக மெழுகுதிரி கொளுத்தி வந்தார்.

ஐம்பத்துநாலாம் ஆண்டுக் கோடைப்போகத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. வயலுக்குத் தண்ணீர் பங்கிட வேண்டிய வட்டைவிதானை கச்சிமுகம்மது, மதகைத் தம் மேல்வட்டை வயலுக்கே திறந்து வைத்துக்கொண்டார். கீழ்வட்டையில் பயிர் கருகியது. அது சாய்ந்தமருதுக் கமக்காரரின் நிலம். முறைப்பாடு எழுத ஆளில்லை. முந்திய போகத்தில் முதற்கையெழுத்து வைத்தவருடைய வயல், அதன் பிறகு தண்ணீரைக் கண்டதில்லை. அந்தக் கமக்காரரில் மீராசாஹிபு என்பவர் கிறகரியிடம் வந்து அழாக்குறையாக நின்றார்.

அரசாங்க ஊழியன் அரசாங்க விதானைமேல் மனு எழுதினால் வேலை போகும். வேலையோடு, கண்ணுக்கெட்டிய தூரத்தில் நின்ற பென்சனும் போகும். கிறகரி இதை நன்கு அறிவார். ஆனால் ரவுண்ட் ராபின் எழுத இன்னொரு வாய்ப்பு அவருடைய ஆயுளில் வராது. பீங்கான் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டார். எழுத்து அடையாளம் தெரியாதிருக்க, இடது கையை ஓய்விலிருந்து அழைத்து, வட்டத்துக்குள் முறைப்பாட்டைத் தமிழில் எழுதினார். கடதாசியை மீராசாஹிபு கொண்டுபோய், ஊராரிடம் வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்து வாங்கி, மட்டக்களப்பு மேலிடத்துக்கு அனுப்பினார்.

அது அங்கிருந்து துரையிடமே திரும்பி வந்தது: ரிங்லீடர் யார், எழுதியவன் யார் என்று கண்டறியவும்.

விசாரணையன்று கந்தோர் விறாந்தை நிறையக் கமக்காரர். துரை மனுவை மூக்கருகே பிடித்துப் பார்த்து, எழுத்து இடப்பக்கம் சாய்கிறது, எழுதியவன் இடதுகைக்காரன் என்று ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொன்னார். கிறகரி அதைப் பிழையற்ற தமிழில் சபைக்கு அறிவித்தார். அவருடைய இடது கை காற்சட்டைப் பையில் வியர்த்தது. ஒவ்வொருவராக எழுதிக் காட்டினார்கள். எல்லாரும் வலது கை. கிறகரியின் இடது காதோரம் ஈ உட்கார்ந்தது. கிறகரி அதை உட்கார விட்டார்.

பிறகு துரையின் விரல் வட்டத்தில் ஓரிடத்தில் நின்றது. அங்கே ஒரு பெயரின் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. கிறகரியே அதை அப்போதுதான் கண்டார். இந்த இடத்துக்குரியவன் எங்கே, அவனே தலைவன் என்றார் துரை.

விதானை எழுந்தார்.

“இப்பிடி வட்டமாப் பேர் போடுறது இங்கிலீசு தெரிஞ்ச ஆளுட வேல, துரை. அந்த எடமும் அவருட எடந்தான். இஞ்ச இங்கிலீசு தெரிஞ்சது ஆரெண்டு பாருங்களன்.”

கொழும்பிலிருந்து வந்த துரைக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்புக்காகக் கிறகரியைப் பார்த்தார். விதானையும் பார்த்தார். கிறகரி வாயைத் திறந்தார். அகராதி முழுவதையும் கறையான் தின்றுவிட்டதைப் போலிருந்தது.

அப்போது மீராசாஹிபு முன்னுக்கு வந்தார்.

“அது ஒளிச்ச ஆளுட எடமில்ல, துரை. நாங்க ஒரே சஹன் சோத்தச் சுத்தி இரிந்து சாப்பிடுற ஆக்கள். வட்டமா இரிந்தா, பொறகு வாற பெரிய மனிசருக்கு ஒரு பக்கம் விட்டுத்தான் இரிப்பம். கடதாசியிலயும் கை தானா விட்டுட்டு. அது உங்களுக்கு விட்ட எடம்.”

நேர்மைக்குப் பெயர்போன மொழிபெயர்ப்பாளர் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வாக்கியத்தை வரிசையில் காத்திருக்க வைத்து, பின்னால் வந்ததை முன்னே விட்டார். விதானையின் வாக்கியம் இன்றுவரை காத்திருக்கிறது.

துரை நிமிர்ந்தார். போன கந்தூரி விருந்தில் பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி ஐவர் காத்திருக்க, ஆறாவதாகத் தம்மை உட்காரவைத்து ஈரலை முதலில் தம் பக்கம் தள்ளியது அவருக்கு நினைவிருந்தது. விறாந்தை முழுவதும் அவருடைய பேனாவையே பார்த்தது. விட்ட இடத்தை மறுப்பது பெரிய மனிதருக்கு அழகா? ‘உண்மையெனக் கண்டேன்’ என்று எழுதி, வெற்றிடம் நிறையக் கையொப்பமிட்டார்.

தேதியைப் போடும்படி கடதாசியைக் கிறகரியிடம் நகர்த்தினார். உயிர் திரும்பிய மகிழ்ச்சியில் ஒரு கை பையிலிருந்து வெளியே வந்து, பேனாவை வாங்கித் தேதியைப் போட்டது. எந்தக் கை என்பது போட்டு முடித்த பிறகே கிறகரிக்குத் தெரிந்தது. இலக்கங்கள் ஒன்றுவிடாமல் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

துரை தேதியைப் பார்த்தார். மனுவின் எழுத்தைப் பார்த்தார். பிறகு வட்டத்துக்குள் ஈரம் காயாமல் வீற்றிருந்த தம் பெயரை வெகுநேரம் பார்த்தார். விதானை கழுத்தை நீட்டியபோது, மை ஒற்றும் தாளை எடுத்துத் தேதியின்மேல் தாமே வைத்து அழுத்தினார்.

“மிஸ்டர் கிறகரி, இனிமேல் மற்றக் கையால் எழுதும்” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு, மதகுத் திறப்புச் சாவியை விதானையிடமிருந்து வாங்கும்படி உரத்த குரலில் கட்டளையிட்டார்.

இதைக் கிறகரி உடனே மொழிபெயர்த்தார்.