பதினோராயிரம் வீடுகளின் சாவி

முப்பிடாதி சின்ன வயதிலிருந்தே பயந்தவள். பரீட்சை எழுதிவிட்டு வந்தால், பதிவெண்ணைச் சரியாக எழுதினோமா என்ற கவலையிலேயே முடிவு வரும்வரை கிடப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் நிறுத்தம் வரை நடந்தவள், பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போவாள். கல்லிடைக்குறிச்சியில் குத்தகை வயலில் நெல் போடும் மகாராஜாவின் மூத்த மகள். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவளும் அவள்தான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் மகாராஜா ஒன்றரை நாள் ஒரு பம்பு செட்டின் கூரையில் இரண்டு ஆடுகளோடு உட்கார்ந்திருந்தார். சென்னையில் வேலையில் இருந்த முப்பிடாதிக்கு அப்பா உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை. தண்ணீர் வடிந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். பக்கத்து நகரின் வண்ணாரப்பேட்டையில் ‘நதித்துணை’ என்ற சின்ன அறக்கட்டளையில் சேர்ந்தாள்.

அதை நடத்துபவர் கோமதிசங்கர், ஓய்வுபெற்ற பொறியாளர். ஆற்றில் தண்ணீர் ஏறப்போகிறதென்றால் கரையோரத்து வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்வதுதான் அங்கே வேலை. பதினோராயிரம் போன்கள் ஒரே நேரத்தில் அடிக்கும். எடுத்தால் ஒரு இயந்திரப் பெண்குரல் நிதானமாகச் செய்தியைச் சொல்லும். ‘ஆத்துக்காரி பேசுதா’ என்று ஊர்களில் அந்தக் குரலுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இதற்கான நிரலை எழுதியவள் முப்பிடாதி. நிரலையும், அது ஓடுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வைப்பதற்குக் கன்டெய்னர் இமேஜ் என்று பெயர். எந்தக் கணினியில் பிரித்தாலும் அது அப்படியே ஓடும். வேறு ஆற்றங்கரைக்காரர்களுக்கும் பயன்படட்டும் என்று கோமதிசங்கர் சொன்னதால், அந்தப் பொட்டலத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் பொதுவில் வைத்திருந்தார்கள்.

நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்று. மலையில் மூன்று நாளாக மழை. காலை பத்து மணிக்கு, இப்படிப்பட்ட இமேஜ்களில் ஓட்டை இருக்கிறதா, அமைப்பில் பிழை இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் ஒரு திறந்த மூலக் கருவியை முப்பிடாதி இறக்கினாள். இலவசமாகக் கிடைப்பதுதான். ரொம்ப நாளாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தது. ஓடவிட்டாள்.

திரை முழுக்கச் சிவப்பு வரிகள். பழைய மென்பொருள்களில் முப்பத்தேழு ஓட்டைகள். நிரல் தேவையில்லாமல் முழு அதிகாரத்தோடு ஓடுகிறது என்று ஓர் எச்சரிக்கை. அவளுக்கு முகம் சுண்டிப்போனாலும், இதெல்லாம் சரிசெய்யக்கூடியதுதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு கீழே நகர்த்தினாள்.

கடைசியில் இருந்தது அந்த வரி. ‘ரகசியச் சாவி: 1.’

குரல் அழைப்பு நிறுவனத்தின் கணக்கைத் திறக்கும் சாவி அது. அந்த எழுத்துக்கோவை கையில் இருந்தால் போதும். பதினோராயிரம் எண்களும் அந்தக் கணக்கிலேயே இருக்கின்றன. எதைத் தட்டச்சு செய்தாலும் ஆத்துக்காரி அதை அந்தப் போன்களில் பேசுவாள்.

முப்பிடாதிக்கு உடனே நினைவு வந்துவிட்டது. போன வருஷம், ஒரு மழை நாள் அவசரத்தில், சாவி இருந்த கோப்பையும் சேர்த்துப் பொட்டலம் கட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பார்த்துவிட்டு, அந்தக் கோப்பை அழிக்கும்படி ஒரு வரி சேர்த்தாள். தீர்ந்தது என்று நினைத்தாள். ஆனால் இமேஜ் அடுக்கடுக்காகக் கட்டப்படுவது. மேல் அடுக்கில் அழித்தாலும் கீழ் அடுக்கில் கோப்பு அப்படியே இருக்கும். அன்றைக்கு அது அவளுக்கு உறைக்கவில்லை.

திரும்ப ஓட்டினாள். அதே வரி. எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை. யார் யார் என்று காட்டவில்லை.

இந்தக் கருவியை ஓட்டாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பேசாமல் மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? அடுத்த வாரம், மழை விட்டதும், சத்தம் காட்டாமல் மாற்றிவிடலாம். அப்படி அவள் மடிக்கணினியின் மூடியைப் பாதி சாய்த்திருந்தபோது போன் அடித்தது. நதித்துணையின் எண்.

எடுத்தாள்.

“சோதனை,” என்றது ஆத்துக்காரியின் குரல். “ஒன்று. இரண்டு. மூன்று.”

அடுத்த மேசையில் இஸ்ரவேல் அண்ணாச்சியும் போனைக் காதில் வைத்திருந்தார். ஊர்களில் இருக்கும் தன்னார்வலர்களோடு பேசுவது அவர் பொறுப்பு.

“நீயாம்மா விட்ட? சோதனைன்னா முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?” என்றார்.

“நான் விடல, அண்ணாச்சி.”

“அப்பொ யாரு?”

கணக்கைத் திறந்து பார்த்தாள். அலுவலகத்தாரின் எண்கள் மட்டும் உள்ள ஒன்பது பேர் பட்டியலுக்கு அந்த அழைப்பு போயிருந்தது. யாரோ பூட்டில் சாவியைப் போட்டு, திரும்புகிறதா என்று பார்த்திருக்கிறான். அடுத்த பட்டியல் பதினோராயிரம். எழுந்து கோமதிசங்கரின் அறைக்கு ஓடினாள்.

அவரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“சாவிய ரத்து பண்ணினா?”

“அவனால பேச முடியாது சார். நம்மளாலயும் முடியாது. புதுச் சாவிக்கு அந்த நிறுவனத்துல ஒப்புதல் வாங்கணும். நாலு மணி நேரம் ஆகும்.”

“சாயங்காலம் அணையில உபரித் தண்ணி திறப்பாங்கம்மா. இப்பத்தான் தகவல் வந்தது.”

சத்தமே இல்லாமல் தண்ணீர் வருவதை நினைத்தாள். யாரோ ஒருவன் அந்தக் குரலில் எதையோ சொல்ல, பதினோராயிரம் வீட்டுக்காரர்கள் அதை நம்புவதையும் நினைத்தாள். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து என்று பட்டது.

“ரத்து பண்ணிருதேன் சார். ஊருக்கு ஊரு நாமளே போன் போடுவோம்.”

அவர் சரி என்று தலையசைத்தார். மணி பதினொன்றே முக்கால். முப்பிடாதி ரத்துப் பொத்தானை அழுத்தினாள்.

இஸ்ரவேல் தன்னார்வலர் பட்டியலை மூன்று பேருக்கும் பிரித்தார். முப்பிடாதி முதலில் கூப்பிட்டது மகாராஜாவை.

“யப்பா, எங்கன இருக்கிய?”

“ஆத்தோரந்தான். மோட்டாரப் பாத்துக்கிட்டு நிக்கேன்.”

“மேல ஏறுங்க. சாயங்காலம் தண்ணி தொறக்காக.”

“அவ்வளவு தண்ணி வாரதுன்னா ஆத்துக்காரி சொல்லியிருப்பாளே. அவ இன்னும் பேசலையே?”

“பேசமாட்டா யப்பா. நான்தான் அவ வாய அடச்சு வச்சிருக்கேன். நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். நீங்க பைய மோட்டார அவுத்துக்கிட்டு மேல போங்க. பக்கத்து வயக்காரங்கட்டயும் சொல்லுங்க.”

“சரி பிள்ள. போறேன். நீ அழாத,” என்றார்.

போன்களுக்கு நடுவில் அவள் பொட்டலத்தை அடியிலிருந்து புதிதாகக் கட்டினாள். சாவி உள்ளே போகாமல், ஓடும்போது மட்டும் வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்தாள். அதிகாரத்தைக் குறைத்தாள், பழையவற்றை மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் கருவியை ஓட்டினாள். ‘ரகசியச் சாவி: 0’ என்று வந்த பிறகும் நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு தடவை ஓட்டினாள். மூன்றே முக்காலுக்குப் புதுச் சாவி வந்தது. நாலு மணிக்கு ஆத்துக்காரி பேசினாள். ஐந்தரைக்குத் தண்ணீர் திறந்தார்கள், ஆறு ஏறியது. உயிருக்குச் சேதமில்லை.

மறுநாள் காலை அலுவலக வாசலில் ஒருவர் வந்து நின்றார். சேரன்மகாதேவிப் பக்கத்து விவசாயி, பெயர் சங்கிலிபூதத்தான். தன்னார்வலர்கள் சொன்னது அவரை எட்டவில்லை; நாலு மணிக்கு ஆத்துக்காரி பேசியபோது அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். வந்து சேர்வதற்குள் மோட்டார் தண்ணீரோடு போய்விட்டது.

“மத்தியானமே சொல்லுவிய. நேத்து ஏன் நாலு மணி வர வாயத் தொறக்கல?”

இஸ்ரவேல் பதில் சொல்ல எழுந்தார். முப்பிடாதி முந்திக்கொண்டு, தன் கையால் நடந்த தவறு என்று சொன்னாள். சங்கிலிபூதத்தான் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“மோட்டாரு போச்சு. ஆளு போயிருந்தா?”

அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

அவள் மேசைக்குத் திரும்பியபோது, குரல் அழைப்பு நிறுவனத்திலிருந்து நேற்றைய பதிவு வந்திருந்தது. ரத்தான சாவியோடு வந்து மறுக்கப்பட்ட ஒரே ஒரு முயற்சி. நேரம் பன்னிரண்டு பத்து. சாவியை அவள் ரத்து செய்து இருபத்தைந்தாவது நிமிஷம். பட்டியல், பதினோராயிரம். பேசச் சொன்ன வாசகம் கீழே இருந்தது: ‘அணை உடைந்துவிட்டது. எல்லோரும் ஓடுங்கள்.’

நல்ல பகல் வெளிச்சம். வெளியே பஸ்கள் ஹாரன் அடித்தபடி போய்க்கொண்டிருந்தன. முப்பிடாதி அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தாள். எங்கேயோ உட்கார்ந்து அந்த வாசகத்தை ஒருவன் நிதானமாகத் தட்டச்சு செய்திருக்கிறான். அவன் யார், எதற்கு என்று கடைசிவரை தெரியவில்லை. கோமதிசங்கர் அன்றைக்கே சைபர் கிரைமில் புகார் கொடுத்தார். இமேஜை வைத்திருந்த பொதுப் பக்கத்தில், சாவி வெளியே போன கதையை முப்பிடாதி தன் பெயரைப் போட்டே எழுதினாள். ஆனால் அதெல்லாம் பிறகு.

அந்த நிமிஷம் அவள் செய்தது வேறு. மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். சங்கிலிபூதத்தான் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்க, திரையை அவர் பக்கம் திருப்பினாள். தன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நடக்க இருந்தது என்னவென்று அவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

“இது எங்க வீட்டுக்கு வந்திருக்குமோ?”

“எல்லா வீட்டுக்கும்.”

“எங்க அத்தைக்கு நடக்க முடியாது,” என்றார். “எம் பொண்டாட்டி அவளத் தோள்ல தூக்கிக்கிட்டு ரோட்டுல ஓடியிருப்பா.”

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். அவளும் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

“மோட்டாரு போனது போனதுதான,” என்றார், கோபம் குறையாமலே.

“ஆமா அண்ணாச்சி.”

அடுத்த பஸ் வரும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.