தீபாவளிக்குப் பிறகுதான் ஊசி

உலு திராமில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடுவது என் வேலை. மொத்தம் எத்தனை டப்பா, ஒரு நாளைக்கு எத்தனை முடியும், எப்போது லாரியில் ஏறும் என்று சொல்வதற்குத்தான் சம்பளம். அதனால் கொரோனா தடுப்பூசி வந்தபோது, முறை எப்போது வரும் என்று எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை.

வேறு மாவட்டத்தில், சிகாமட்டில் தனியாக இருந்த என் அக்காவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. அவளிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன். அதனால் அவள் பெயரையும் என் போனிலிருந்த செயலியில் நானே பதிந்தேன்; ஊசித் தேதி அதில்தான் வரும். மாவட்டம் தாண்டத் தடை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் அலுவலக வெள்ளைப் பலகையில் கணக்குப் போட்டேன். ஊர் சனம் எவ்வளவு, ஆளுக்கு இரண்டு ஊசி, ஊசி போடும் மண்டபத்தில் முதல் வாரம் தினம் எத்தனை பேருக்குப் போட்டார்கள். வகுத்துப் பார்த்துவிட்டு உடனே அக்காவை அழைத்தேன்.

“தீபாவளிக்கு அப்புறம்தான் உன் முறை வரும். அதுவரைக்கும் வெளிய தலை காட்டாத.”

“அலமாக்! அவ்வளவு நாளாவுமா? சரிலா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அந்தச் செயலி அங்கே தொற்று, இங்கே தொற்று என்று நாள் முழுக்கக் கத்தியது. எரிச்சலில் அதன் சத்தத்தை அடைத்துவிட்டேன். தீபாவளிக்குத்தான் எவ்வளவோ நாள் இருக்கிறதே!

தொழிற்சாலையில் புது உற்பத்தி லைன் முதல் வாரம் நொண்டும், ஒரு மாதம் போனால் ஓட்டமாக ஓடும். இதை மேலாளரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஊசி விஷயத்தில் மட்டும் மடையன் எனக்கு அது உறைக்கவில்லை. ஊசி வரத்துக் கூடியது, மண்டபங்கள் கூடின. ஒரு நாள் தற்செயலாகச் செயலியைத் திறந்தேன். அக்காவின் தேதி வந்து, ஒன்பது நாள் கடந்து போயிருந்தது.

உடனே அவளை அழைத்தேன்.

“பக்கத்து வீட்டம்மா அவங்க ஊசிக்குப் போறப்பவே கூப்பிட்டாங்க, மண்டபத்துக்கு வேன்ல போயி கேட்டுப் பாப்போம்னு. நீ தீபாவளின்னு சொன்னியே, அதான் போகல,” என்றாள். குரலில் கோபமே இல்லை. இருமல் இருந்தது.

வேறு தேதி கேட்டு எழுதிப் போட்டேன். நான்காம் நாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாவட்டம் தாண்டப் போலீஸ் கடிதம் வாங்கிக்கொண்டு ஓடினேன், உள்ளே விடவில்லை. தாதியின் போனில்தான் பேசினாள்.

“சாப்ட்டியா? கணக்கு தப்பாப் போறதுதான்லா. மனசுல வச்சிக்காத.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. யார் என்ன சமாதானம் சொன்னாலும், அவளை வீட்டில் உட்கார வைத்தவன் நான்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அக்காவுக்குப் புதுத் தேதி வந்தது. வருவீர்களா, மாட்டீர்களா என்று செயலி கேட்டது. தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.