மீரா பீவியின் பெரட்டு

“புஷ்பவள்ளி! அறுபத்தெட்டு வெள்ளி! என்னம்மா, வீட்டுக்குள்ள சினிமாக் கொட்டகை நடத்துறியா?”

மாடிப்படியின் மூன்றாவது படியில் நின்றபடி, லைட்டு பில்களைச் சீட்டுக்கட்டுபோல் விசிறிப் பிடித்திருக்கிறார் மீரா பீவி. “ஜெயபாலன்! முப்பத்தொண்ணு. சமத்து. மனோகரன்! அடேங்கப்பா, இத உக்காந்துகிட்டுக் கேளு.” பெயர் விழுந்த வீட்டிலிருந்து ஒரு கை நீளும், பில்லை வாங்கும், நெற்றியில் அடித்துக்கொள்ளும். சிரிப்பு மட்டும் மீரா பீவியுடையது. அது வேடிக்கைக்கு முன்னாலேயே வந்துவிடும். வேடிக்கை பின்னால் மூச்சு வாங்க ஓடிவந்து சேரும்.

சிகாமட் நகரில் அந்த நாலு மாடி அடுக்குவீட்டின் தபால்பெட்டிகள் துருப்பிடித்து விழுந்து வெகுகாலம். பில் கொண்டுவருகிறவர் மொத்தக் கட்டையும் அவருடைய நாசி லெமாக் சோறு விற்கும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். மிச்சம் மீரா பீவியின் பெரட்டு. பெக்கோக் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. கடிதம் வந்தாலும் அங்கேதான் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். தோட்டத்தை மூடியபின் தொழிலாளர் லயத்தில் பாதி அப்படியே இங்கே குடிவந்தது. அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த மீரா பீவியின் குடும்பமும் கூடவே வந்தது, பெரட்டும் வந்தது. கதவுகளில் எண் எழுதித்தான் இருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை. “நம்பர் சொல்லிக் கூப்பிட நாம என்ன ஜெயில்லயா இருக்கோம்?” என்பார்.

பத்து மணிக்குச் சோற்றுப் பொட்டலங்கள் தீர்ந்ததும் அதே மேசை அலுவலகமாகிவிடும். தலைத்துணியில் ஊசிக்குப் பதில் பேனா செருகியிருக்கும். மின்கட்டண உதவிக்கு விண்ணப்பப் பாரம் எழுத வருகிறவர்களுக்கு அவர் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே. “அழுதுகிட்டு பாரம் எழுதாதீங்க லா, மை கலஞ்சிடும். சிரிச்சிகிட்டே ஐசி கார்டு நம்பர் சொல்லுங்க.” கணவர் கபீருக்கு வேலை போய், கரண்டை வெட்டிவிட, மூன்று மாதம் மெழுகுவத்தியில் ஓட்டிய கதையையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். “இருட்டுல மீன்முள்ளும் சோறும் ஒண்ணுதான். நம்பலன்னா கபீர் தொண்டையக் கேளுங்க.” ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டு விளக்கும் அணைய அவர் விட்டதில்லை.

இந்த வருஷம்தான் ஒரு விளக்கு அவரைப் படாதபாடு படுத்தியது. கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் பேச்சியம்மாளின் விளக்கு. வீட்டில் ஒரு பல்ப், ஒரு காற்றாடி, ஒரு கிழட்டுக் குளிர்ப்பெட்டி. பில் மட்டும் கல்யாண மண்டபத்துக்கு வருவதுபோல் வந்தது. உதவி கேட்டுப் போட்ட பாரம் திரும்பி வந்தது: இவ்வளவு மின்சாரம் எரிக்கிற வீடு ஏழை வீடாக இருக்க முடியாதாம்.

“அக்கா, உண்மையச் சொல்லுங்க. யாருக்கும் தெரியாம ஐஸ் ஃபேக்டரி நடத்துறீங்களா?”

“ஆமா, உனக்கும் ஒரு கட்டி எடுத்து வச்சிருக்கேன். வா, தலையில வைக்கிறேன்.”

சிரித்தாரே தவிர மீரா பீவி விடவில்லை. குளிர்ப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். காற்றாடி ஒன்றாம் எண்ணைத் தாண்டக் கூடாதென்று திருகில் பிளாஸ்டர் ஒட்டினார். பேச்சியம்மாள் மீன் வாங்குவதை நிறுத்திக் கருவாட்டுக்கு மாறினார். அடுத்த பில் முன்னதைவிட ஏறி வந்தது. அதற்கடுத்து வந்தது சிவப்பு எழுத்துக் கடிதம்: வியாழக்கிழமை கரண்ட் வெட்டப்படும்.

வியாழக்கிழமை பேச்சியம்மாள் காலையிலேயே குளித்து, நல்ல சேலை கட்டி, மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்டரைக் கிழித்துக் காற்றாடியை ஐந்தில் வைத்தார். “போறதுதான் போகுது, கடைசியா ஒரு காத்து வாங்கிக்கிறேன்.” மீரா பீவி பக்கத்தில் அமர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று சிரிப்பு வரவில்லை. கீழ்த்தள மீட்டர் அறைக்குள் ஊழியர் நுழைந்தார். டக்கென்று ஒரு சத்தம்.

காற்றாடி சுற்றியது.

“போச்சா?”

“போகலயே அக்கா.”

“நல்லாப் பாரு.”

“மூஞ்சில அடிக்குது, இதுக்கு மேல என்னத்தப் பாக்க!”

ஊழியர் இரக்கப்பட்டு விட்டுவிட்டார் என்றே மீரா பீவி நினைத்தார். நன்றிக்கு ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். அவரோ, வெட்டியாயிற்றே அக்கா என்று மலாயில் சொல்லி விழித்தார். அந்நேரம் நாலாவது மாடியிலிருந்து ஒரு குரல் கட்டடத்தையே உலுக்கியது.

“அலமாக்! எவன்டா என் ஏர்கோன நிறுத்துனது?”

இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிற ரூபேந்திரன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் லோஷினி இந்த வருஷத் தொடக்கத்தில் வீடு குளிர இரண்டு ஏர்கோன் வாங்கி மாட்டியிருந்தாள். கம்பளியை ராஜா அங்கிபோல் போர்த்திக்கொண்டு நாலு மாடியும் இறங்கி வந்தார். மீரா பீவி ஊழியரின் கையிலிருந்த தாளை வாங்கினார். பெயர் பேச்சியம்மாள்தான். அதன் கீழே, வாழ்க்கையில் முதன்முறையாக, வீட்டு எண்ணைப் படித்தார்.

“நாலு பார் மூணு யாரு வீடு?”

யாருக்கும் தெரியவில்லை. ரூபேந்திரனே கம்பளியோடு மறுபடி மேலேறி, தன் கதவைப் பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார். “என் வீடுதான் கா!”

இருபது வருஷத்துக்கு முன் வீடு ஒதுக்கிய குலுக்கலில் பேச்சியம்மாளுக்கு விழுந்தது அந்த நாலாவது மாடி. அவர் கணவரால் படியேற முடியாது. அப்போது இளவட்டமாக இருந்த ரூபேந்திரன், “எனக்கென்ன, காலு இருக்கு” என்று தன் கீழ்வீட்டைக் கொடுத்து மேலே போய்விட்டார். வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். காகிதத்தில் பெயர் மாற்றவில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிக் காற்றாடி சுற்றியவரை யாருக்கும் உறைக்கவில்லை. பெயருக்குரியவர் கையில் பில் தவறாமல் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. ரூபேந்திரனின் குளிருக்குப் பேச்சியம்மாள் கட்டிக்கொண்டிருந்தார்.

“அதான் ரெண்டு ஏர்கோன் ஓடியும் எனக்குப் பதினெட்டு வெள்ளி வருதா!” ரூபேந்திரன் தலையில் கைவைத்தார். “மிஷின் என்னமா மிச்சம் புடிக்குதுன்னு கடைக்காரனுக்குப் போன் போட்டு நன்றி சொன்னேன் கா!”

மீரா பீவி மீட்டர் அறை வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தார். பேச்சியம்மாள் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு சொல் புரியாத ஊழியரும் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவில், பேச்சியம்மாளின் திறந்த கதவு வழியே, பிடுங்கிப்போட்ட குளிர்ப்பெட்டிப் பிளக் மீரா பீவியின் கண்ணில் பட்டது. சிரிப்பு பாதியில் நின்றது.

“அக்கா… பேரு கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுத்தது நான்தானே.”

“மூணு மாசமா என்னைக் கருவாடு திங்க வச்சியேடி, பாவி!” என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுப் பேச்சியம்மாள் இன்னும் உரக்கச் சிரித்தார்.

பாக்கி முழுவதையும் ரூபேந்திரன் அன்றே கட்டினார். இந்த வருஷம் பேச்சியம்மாள் கூடுதலாகக் கட்டியதையும் கையில் திணித்தார். இருவரும் மின்சார அலுவலக முகப்பில் நின்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். பேச்சியம்மாளுக்காக மீரா பீவி எழுதிய புதுப் பாரம் இந்தமுறை திரும்பி வரவில்லை, உதவிதான் வந்தது.

இந்த மாதக் கட்டு நேற்று வந்தது. மீரா பீவி மூன்றாவது படியில் ஏறினார். “பேச்சி…” என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டு இறங்கிவிட்டார். கீழ்வீட்டின் கதவுக்கு நேராகப் போனார். உள்ளே காற்றாடி ஐந்தில் பறந்தது, மீன் பொரிகிற வாசனை. தலைத்துணி நுனியால் கதவு எண்ணின் தூசியைத் துடைத்தார். ஒரு விரலைக் கதவில் வைத்தார், இன்னொரு விரலைப் பில்லில் வைத்தார்.

“என்னடி அங்க நிக்கிற? எம்பேரு மறந்து போச்சா?” என்றது உள்ளிருந்து குரல்.

மீரா பீவி உதடு அசைய, எண்ணை முதலிலிருந்து இன்னொரு தரம் படித்துக்கொண்டிருந்தார்.