உப்புத் தொடங்கும் இடம்

ரெத்தினம் கடலை நாக்கால் பார்க்கிற ஆள். ஐப்பசி பிறந்து ஆற்றின் புதுத்தண்ணீர் காவிரி முகத்தில் செக்கச்செவேலென்று பாய்ந்ததும் மற்றவர்கள் காற்றைப் பார்ப்பார்கள், மேகத்தைப் பார்ப்பார்கள். இவர் கட்டுமரத்தில் குந்தியபடி ஒரு கைத் தண்ணீரை வாயில் விட்டுத் துப்புவார். பிறகு முங்கி, அடித்தண்ணீரை வாயில் பிடித்துக்கொண்டு வருவார். “மேல இனிப்பு, கீழ உப்பு. இங்கதான் வெள்ளை எறா நிக்கும்” என்பார். நின்றிருக்கும். பீடி, வெற்றிலை தொட மாட்டார், நாக்கு கெட்டுவிடுமாம். பெண்டாட்டி அமிர்தம் குழம்புக்கு உப்புப் பார்க்க மட்டும் அவரைக் கூப்பிட மாட்டாள். “கடலக் குடிச்ச வாய்க்கு எங் கொழம்பு சப்புன்னுதான் இருக்கும்” என்று நொடிப்பாள்.

நான் மீரா உசேன். பூம்புகார் கரையில் மீன் எடுத்து ஐஸ் பெட்டியில் கும்பகோணத்துக்கு அனுப்புகிறவன். எனக்கு வாய் நீளம் என்பார்கள், இருக்கட்டும். ஐப்பசி இறாலும் கொடுவாயும்தான் எங்கள் எல்லோருக்கும் வருஷத்துச் சோறு. வாடைக்காற்று முற்றி, கட்டுமரம் இறக்க முடியாமல் போவதற்குள் கிடைப்பது பத்துப் பதினைந்து நாள். அப்படியொரு நாளில், கழக ஆட்சி வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம், தங்கம்மாள் வந்து நின்றாள்.

மேற்கே நெல்வயல் ஊர்க்காரி. அறுப்புக் கூலியை ஏற்றி அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது, வரப்புக்கு அது வந்து சேரவில்லை. குறுவை அறுக்க மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். அவள் புருஷன் செங்கொடியோடு போய் வயலில் நின்றான். அன்று சாயங்காலம் ஆற்று மதகுப் பக்கம் போனவன் திரும்பவில்லை. துண்டு மட்டும் கிடந்தது. தெரு ஆண்கள் எல்லாம் கேஸுக்குப் பயந்து தலைமறைவு. இவள் தனியாகப் போய்ப் போலீசில் எழுதி வைத்தாள். மறுபடி கேட்கப் போனபோது, அப்படி ஓர் ஆளே உன் ஊரில் இல்லையே என்று விரட்டிவிட்டார்கள்.

“ஆத்துல போட்டது கடலுக்குத்தானண்ணே வரும்?” என்றாள் ரெத்தினத்திடம்.

“நல்லதண்ணில அடியோட வரும் தங்கச்சி. உப்பு கண்ட எடத்துல எந்திரிக்கும். ஆனா பேரு சொல்லிக் கூப்புடணும்.”

அது கட்டுமரக்காரர்கள் வழக்கம். கடலில் பிணத்தைப் பிணம் என்று சொல்வதில்லை. பேர் சொல்லி, வீட்டுக்கு வா என்று மூன்று தடவை அழைப்பார்கள். அழைத்த இடத்தில் அன்று வலை விழக் கூடாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏன்யா, எறா நிக்கிற எடத்துலயா இதையெல்லாம் தேடுவ? எவன் வாங்குவான் அப்புறம்?”

“கொஞ்சம் வாய மூடுங்க பாய். அந்தத் தாள்ல என்ன பேருன்னு படிங்க.”

அவள் மடியிலிருந்த போலீஸ் ரசீதை வாங்கிப் படித்தேன். காணாமல் போனவன் பேர் வேம்பு என்றிருந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தாளை வாங்கி மடியில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது காற்றே இல்லை. ஐப்பசியில் அப்படி அசையாமல் கடல் கிடந்து நான் பார்த்ததில்லை. சிவப்புத் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சேரும் கோடு கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. கோடு நெடுக இறால் துள்ளிப் பொரிந்துகொண்டிருந்தது. ரெத்தினம் கட்டுமரத்தில் அங்கே போய் முங்கி எழுந்து, துப்பிவிட்டுக் கூப்பிட்டார். “வேம்பு! வீட்டுக்குப் போவலாம், வா!”

இறால் துள்ளுவது சட்டென்று நின்றது. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, துடுப்புப் போடாமலே கட்டுமரம் மெல்லத் திரும்பி கரையில் நின்ற என்னையும் தங்கம்மாளையும் பார்த்து நின்றது. என் வாயில் கலிமா தானாக வந்தது.

“ஆளு இங்கதான் இருக்கு பாய்!” ரெத்தினம் அங்கிருந்தே கத்தினார். “மரத்தப் புடிச்சிக்கிட்டு நிக்குது, மேல வரமாட்டேங்குது. பேரு சரிதானான்னு கேளுங்க! அடித்தண்ணி தெக்க இழுக்குது, இன்னும் செத்த நேரந்தான்!”

நான் திரும்பினேன். தங்கம்மாள் தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“ஸ்டேஷன் வாசல்ல அரசும் வேம்பும் ஒண்ணா நின்னுச்சுங்க பாய். அவுக பேர நான் எப்புடிச் சொல்றது? அந்த மரந்தான்னு கையக் காட்டுனேன். ஏட்டய்யா மத்த மரத்த எழுதிட்டாரு.”

“அடிப்பாவி, நேத்து நான் படிச்சப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருக்கலாம். தப்பான பேருக்கு அவுக வரமாட்டாக. வராத வரைக்கும் எங்கயோ இருக்காகன்னு நானும் இருந்துடலாம்.” தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “புருஷன் பேர வாயால சொன்னா ஆயுசு போயிடும் பாய்.”

பாவம், என்ன பெண் இவள் என்று எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் சொன்னேன். “தெக்க போயிட்டா ஆளே இல்லன்னு ஆக்கிடுவாங்கம்மா. செஞ்சவன் நாளைக்கி நிம்மதியா அறுப்பு அறுப்பான்.”

அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். பதினோரு வருஷக் கல்யாணத்தில் முதல் தடவையாக அந்தப் பேரைச் சொன்னாள்.

“அரசப்பா! வீட்டுக்குப் போவலாம், வாங்க!”

ஒரு தடவை போதுமாயிருந்தது. கட்டுமரத்துக்கு இரண்டு ஆள் நீளம் தள்ளி, பச்சைத் தண்ணீரில், முதுகு மேலே வந்தது. கைகள் பின்னால் வைக்கோல் பிரியால் கட்டப்பட்டிருந்தன. ரெத்தினம் தன் துண்டால் மூடி, பேர் சொல்லிப் பேசிக்கொண்டே கரைக்குக் கொண்டுவந்தார். அன்று யாரும் வலை போடவில்லை. நானும் கேட்கவில்லை.

தங்கம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுது ஓய்ந்தாள். பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கூட வாங்க பாய், ஸ்டேஷனுக்குப் போவணும். அரசப்பன். இனிமே எத்தன தடவ கேட்டாலும் சொல்லுவேன்.”