திக்லிபூரில் எல்லாருக்கும் முழு வருகை

போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில் இருந்த ஒரு படிப்பு மையத்தின் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலையில் பட்டம் படிக்கிறவர்கள்தான் எங்கள் மாணவர்கள். ஒரு வருடம் மெயின்லேண்டில் இருந்த தலைமையகம் திடீரென்று ஆன்லைன் லைவ் கிளாஸைக் கட்டாயமாக்கியது. முக்கால்வாசி கிளாஸுக்கு லாகின் செய்திருந்தால்தான் ஹால் டிக்கெட். விதியை எழுதிய புண்ணியவான்கள் அந்தமான் கடலைக் காலண்டரில் பார்த்திருப்பார்கள். வட அந்தமானின் நெட்வொர்க்கைக் காலண்டரில் போட மாட்டார்களே.

அந்த வடகோடியில் இருக்கும் திக்லிபூர் மாணவர்கள் ஒருவரும் தேற மாட்டார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வருகையைக் காட்டும் டாஷ்போர்டைத் திறந்தால் அவர்கள் எல்லார் பெயருக்கு நேராகவும் பச்சை! மையத்துக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள்தான் சிவப்பில் கிடந்தார்கள். தலைமையகம் எனக்குப் பாராட்டு மெயில் அனுப்பியது. நானும் கூச்சப்படாமல் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன்.

பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால்

ஒரு சனிக்கிழமை மழைக்காக, போர்ட் பிளேரிலேயே டாலிகஞ்சில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். எங்கள் பொருளாதார ஆசிரியரின் குரல் கேட்டது. இவர் எங்கே இங்கே என்று திரும்பினால், பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால் வரிசையாகச் செல்போன்கள். எல்லாவற்றிலும் அவர் முகம்.

"என்னங்க இது?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன்.

"மெதுவாப் பேசுங்க மேடம், கிளாஸ் நடக்குல்லா," என்றார் கடைக்காரர் சவரிமுத்து.

விசாரித்தேன். அவர் தங்கை ஜான்சி திக்லிபூரில் அங்கன்வாடி ஊழியர், எங்கள் மாணவி. இங்கே எதை அனுப்புவதென்றாலும் பஸ்காரரிடம் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். கருவாடு வரும், மருந்து வரும், கல்யாணப் பத்திரிகை வரும். ஜான்சியும் கூடப் படிப்பவர்களும் நெட்வொர்க் கிடைக்கும் இந்தக் கடைக்குப் போன்களையே அனுப்பிவிட்டார்கள். பேசுவதற்கு ஆளுக்கொரு பழைய பட்டன் போன் ஊரில் இருந்தது. வகுப்பு நேரம் வந்தால் சவரிமுத்து எல்லாவற்றிலும் லாகின் செய்துவிடுவார். நடுவில் திரையில் கேள்வி வந்தால் டீ ஆற்றுகிற கையாலேயே ஒரு விடையைத் தொட்டுவிடுவார்.

"எந்த விடையை?"

"ரெண்டாவது. கைக்கு வாகா இருக்குது. எல்லாத்துக்கும் அதான். கோயி பாத் நஹி, பரவால்ல மேடம், தப்பா இருந்தாலும் அட்டெண்டன்ஸ் விழுந்துருது."

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் டீயோடு சேர்த்து விழுங்கினேன். ஜான்சிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. சூப்பர்வைசர் ஆகப் பட்டம் வேண்டும், அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். ஹால் டிக்கெட் வராவிட்டால் எல்லாம் போச்சு.

இயக்குநரின் சந்தேகம்

தேர்வு நெருங்கும்போது தலைமையக இயக்குநர் போன் செய்தார்.

"மேடம், இந்த ஜான்சி ஒரு கிளாஸ்கூட விடல. ஆனா எல்லா கேள்விக்கும் ரெண்டாவது ஆப்ஷன்தான் போட்டிருக்காங்க. முழிச்சிட்டு இருந்தாங்களா, தூங்கினாங்களா? உங்க சென்டருக்கு வரச் சொல்லுங்க, வீடியோல நானே கேக்கறேன். திக்லிபூர்ல மத்தவங்களும் அப்படித்தான், அதுவரைக்கும் அந்த ஊர் ஹால் டிக்கெட் எல்லாம் ஹோல்டு."

ஜான்சி பகல் முழுக்க பஸ்ஸில் வந்து சேர்ந்தார். கேமரா முன்னால் உட்கார்ந்து துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

விலை ஏறினால் தேவை ஏன் குறைகிறது என்று இயக்குநர் கேட்டார்.

"மீன் வெல கூடிச்சுன்னா நாங்க முட்டைக்குப் போயிருவோம் சார். வாங்குத மீனும் கம்மியாயிரும்," என்று தொடங்கி, பாடத்தில் இருந்த காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுத்தடுத்த கேள்விகளுக்கும் தடங்கல் இல்லை. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு தெரியுதே, அப்புறம் ஏம்மா ஆன்லைன்ல எல்லாத்துக்கும் ரெண்டாவது ஆப்ஷன்?"

ஜான்சி என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"சார், என் போன் மட்டுந்தான் கிளாஸுக்குப் போச்சு, நான் போகல. போன் எங்க அண்ணன் கடையில இருக்கு. கையில போன் இல்லாததுனால சாயங்காலம் பொழுதே போகல. நீங்க அனுப்புன புஸ்தகத்த எல்லாம் படிச்சி முடிச்சிட்டேன்."

இயக்குநர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ரூல்ல என்ன மேடம் இருக்கு?"

"லாகின் ஆகியிருக்கணும்னு இருக்கு சார். படிக்கணும்னு எங்கயும் இல்ல," என்றேன்.

"எல்லா ஹால் டிக்கெட்டையும் ரிலீஸ் பண்ணிடுங்க," என்று லைனைத் துண்டித்தார்.

ஜான்சி பாஸானார், சூப்பர்வைசரும் ஆனார். அந்தச் செய்தியைச் சொன்னபோது இரண்டு பேரும் அழுதோம். கொஞ்ச நாளில் தலைமையகம் அவரிடம் விளம்பரத்துக்கு ஒரு வீடியோ கேட்டது. "என்ன சொல்ல மேடம்?" என்றார். "நடந்ததைச் சொல்லுங்க," என்றேன். அப்படியே சொன்னார்:

"ஆன்லைன் கிளாஸ் மட்டும் இல்லன்னா நான் பாஸாகியிருக்கவே மாட்டேன். அதுக்காகத்தான் போனை அண்ணங்கிட்ட அனுப்பிட்டு, உக்காந்து படிச்சேன்."

முதல் வாக்கியம் மட்டும் இன்றும் அவர்கள் வெப்சைட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அப்படி ஒரு வீடியோவைப் பார்த்தால், அடுத்த வாக்கியம் எங்கே என்று கேளுங்கள்.