எங்க மாமாவ கோச்சைன்னு கத்துன ஊரு

நேத்து டீக்கடையில ரெண்டு பசங்க செல்லுல பாக்ஸிங் பார்த்துக்கினு சிரிக்கறானுங்க. இன்னாடா அப்படி ஒரு சிரிப்புன்னு எட்டிப் பார்த்தேன். மலை மாதிரி ஒரு ஆளு, வயசாயிட்ட ஆளு, எதிராளியக் கட்டிப் புடிச்சிக்கினு கயித்துல சாஞ்சு மூச்சு வாங்கறான்.

"தாத்தா, இவரு ஒரு காலத்துல எப்பேர்ப்பட்ட ஆளு தெரியுமா? இப்பப் பாரு, பயந்து பயந்து ஓடறாரு"ன்றான் ஒருத்தன்.

எங்கிருந்துதான் வந்துச்சோ அவ்ளோ கோவம். "ஓடறானா? நீ போய் அந்த எடத்துல நில்லுடா, ஓடறதுக்குக்கூட உனுக்குக் காலு வராது"ன்னு கத்திட்டேன். டீ பாதி கீழ ஊத்திக்கிச்சு. கடைக்காரன், "பெர்சு, பிரஷரு ஏறிடப் போவுது, உக்காரு"ன்றான். ஏறட்டும்பா. அரை டவுசரு போட்ட வயசுல ஏறினது, இன்னும் எறங்கவே இல்ல.

அது எங்க மாமா விசயம். எங்கம்மா கூடப் பொறந்த தம்பி. சாயப்பட்டறையில வேலை. பட்டு நூலக் கொதிக்கற தொட்டியில முக்கி எடுத்து, கட்டையில மாட்டி முறுக்கிப் புழியணும். ஈரப் பட்டு கனம் தூக்கினவனுக்குத்தான் தெரியும். அதுலயே அவருக்குத் தோளு ரெண்டும் பூசணிக்கா கணக்கா ஆயிடுச்சு. முழங்கை வரைக்கும் எப்பவும் ஒரு கலரு. ஒரு வாரம் மொளகா செவப்பு, ஒரு வாரம் கிளிப் பச்ச. பச்சக் கையோட சோறு பெசைஞ்சா எங்கம்மா, "தே, அந்தக் கையப் பார்த்தா எனக்குக் கொமட்டுதுடா, அந்தாண்ட போய்த் துன்னு"ன்னு திட்டும். அவரு சிரிச்சிக்கினே பெரிசா இன்னொரு உருண்ட உள்ள தள்ளுவாரு.

பாக்ஸிங் கத்துக் குடுத்தது பட்டாளத்துல இருந்து வந்த ஒருத்தரு. ஓரிக்கைப் பக்கம், பாலாத்து மணல்ல. அப்பல்லாம் பாலாத்துல மணலு எப்படி இருக்கும்ன்ற... சரி, அத்தச் சொல்ல ஆரம்பிச்சா நான் இங்க திரும்பி வர மாட்டேன்.

நான் கைக்கொழந்தையா இருந்தப்ப மாமாவோட சண்டையே வேற. மணிச் சத்தம் அடங்கறதுக்குள்ள பாதி ரிங்கு தாண்டிடுவாராம். கடா முட்ட வர்ற மாதிரி தலையக் குனிஞ்சிக்கினு நேரா. எதிராளி கையத் தூக்கறதுக்குள்ள விலாவுல இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, அப்புறம் தாடையில. ஆளு பாயி மாதிரி சுருண்டு கெடப்பானாம். தெருவே கதையா சொல்லும். அந்தச் சண்டைங்கள நான் பார்க்கவே இல்ல, ஆனா பார்த்தவன விட நல்லா நடிச்சுக் காட்டுவேன்.

அதுக்கப்புறம் கொஞ்ச வருசம், நடுவுல நின்னு எடது கைய நீட்டி நீட்டியே எதிராளிய அண்ட வுடாம வெச்சாராம். எனக்கு வெவரம் தெரிஞ்சு நான் பார்த்த மாமா மூணாவது மாமா. ஒடம்பு பெருத்துப் போச்சு, முட்டி வலி வேற. பின்னால ஒரு காலு வெப்பாரு, பக்கத்துல ஒரு காலு. எதிராளி வீசற கை காத்துல போவும். கயித்துல சாஞ்சிக்கினு அடியத் தோள்ல வாங்குவாரு. கிட்ட வந்தவனக் கட்டிப் புடிச்சு, தன்னோட மொத்த கனத்தையும் அவன் கழுத்து மேல சாச்சுடுவாரு. கொஞ்ச நேரத்துல அவனால கையே தூக்க முடியாது. அப்பப் பார்த்து சுருக்குன்னு ஒண்ணு வெப்பாரு. நெசவுக்காரங்க அறுந்த எழைய முடி போடற மாதிரி, எப்ப கை போச்சு, எப்ப வந்துச்சுன்னே தெரியாது.

அப்பத்தான் எங்க ஊரு மைதானத்துல சண்டை வெச்சாங்க. மெட்ராசுல இருந்து ரெண்டு பேரு வந்து உக்காந்திருந்தாங்க. ஜெயிச்சா அங்க பெரிய சண்டைக்குக் கூட்டினு போறதா பேச்சு. தோத்தா, மாமா வயசுக்கு இனிமே எவனும் கூப்பிட மாட்டான், ஆயுசுக்கும் சாயத் தொட்டிதான். எங்கம்மா அதுக்குன்னு கச்சபேஸ்வரருக்கு வேண்டிக்கினு, தெருப் பொம்பளைங்களையும் கூட்டினு வந்து முன்னாடியே எடம் புடிச்சு உக்காந்துடுச்சு.

சண்டைய வெச்சது ஒரு பெரிய மனுசன். தீர்ப்பு சொல்றதும் அவருதான். அந்தாளுக்கு ஒலகத்துல தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, சேவச் சண்டை. "சேவலுக்கு பாதாம் ஊட்டுவான், பொண்டாட்டிக்குப் பொட்டுக்கடல வாங்கித் தர மாட்டான்"னு எங்க நைனா சொல்லும். சேவச் சண்டையில திரும்பி ஓடினா தோத்துச்சு, அவ்ளோதான் கணக்கு. தோத்த சேவலுக்கு கோச்சைன்னு பேரு. ஜெயிச்சவன் வூட்டுச் சட்டியில கொழம்பாயிடும். எங்க ஊரு ஜனமும் அத்தப் பார்த்துப் பார்த்து வளந்த ஜனந்தான்.

எதிராளி அரக்கோணத்துப் பையன். ரயிலு இஞ்சின்ல கரி அள்ளிப் போடற வேலை. எளவட்டம், நல்ல ஒசரம். மணி அடிச்சதும் பழைய மாமா மாதிரியே தலையக் குனிஞ்சிக்கினு வந்தான். மாமா ஒதுங்கினாரு. திரும்பி வந்தான். மறுபடியும் ஒதுங்கினாரு. அவ்ளோதான், பின்னாடி வரிசையில ஒருத்தன் ஆரம்பிச்சான்.

"கோச்சை!"

ஒருத்தன் வாயில வந்தா போதாதா? மைதானமே கத்துது. "கோச்சை! கோச்சை! மசாலா அரைங்கடா!" இதே மாமாவ தோள்ல தூக்கினு கடைத்தெருவச் சுத்தின பயலுங்க. எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வருது. எங்கம்மா எழுந்து நின்னுக்கினு, "டேய், முன்னாடி போடா! மானம் போவுதுடா! எதுக்குடா அப்படிப் பின்னால பின்னால போற!"ன்னு அதுவும் கத்துது.

ஆனா ஒழுங்காக் கண்ண வெச்சுப் பார்த்தவனுக்குத் தெரியும். அந்தப் பையன் அடிச்சதெல்லாம் தோளும் காத்துந்தான். மாமா வெச்சது ஒவ்வொண்ணும் மூஞ்சியில. அவன் மூக்குல ரத்தம். கடைசி ரவுண்டுல அவனுக்குக் காலு பின்னுது, கை ரெண்டும் தானாக் கீழ எறங்கிடுச்சு. முழுத் தாடையும் திறந்து கெடக்குது. ஒரே ஒரு அடி, சோலி முடிஞ்சுது. மாமா வலது கைய இழுத்தாரு. நான் பெஞ்சு மேல ஏறி நின்னுட்டேன்.

அடிக்கல. இழுத்த கைய அப்படியே அவன் முதுகுல போட்டு, அவன் வுழுந்துடாம கட்டிப் புடிச்சுக்கினாரு. மணி அடிச்சுது.

பெரிய மனுசன் எழுந்தாரு. துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினாரு. "ஓடுன சேவலு ஜெயிச்சதா எங்கயாவது உண்டா?"ன்னு சொல்லி, நிக்க முடியாம தொங்கிக்கினு இருந்த அந்தப் பையன் கையத் தூக்கிட்டாரு. ஜனம் சிரிக்குது, விசிலு அடிக்குது. மெட்ராசுக்காரங்க ரெண்டு பேரும் வேட்டியில ஒட்டின மண்ணத் தட்டிக்கினு கெளம்பிட்டாங்க.

அடுத்தவனுக்குத் தீர்ப்பு சொல்றவன் அந்தத் தொழிலக் கத்துக்கினு வந்து சொல்ல வேணாமா? சேவலு புடிக்கறவன் பாக்ஸிங்குக்கு நியாயம் சொன்னா அது நியாயமா?

எங்கம்மா வுடல. முந்தானைய இழுத்துச் சொருவிக்கினு ரிங்குக்கே போயிடுச்சு. "யோவ், மனுசனுக்கும் சேவலுக்கும் வித்தியாசம் தெரியல, நீயெல்லாம் இன்னாத்துக்குய்யா மீசை வெச்சிருக்க?" நைனா கையப் புடிச்சு இழுக்குது. மாமா வந்து, "வாக்கா, வூட்டுக்குப் போலாம்"னு சொன்னாரு. அம்மா அவரு பக்கம் திரும்பிக்கிச்சு. "கையிலயே இருந்தானேடா! ஒண்ணு போட்டிருந்தா இந்தாளு வாயத் தொறந்திருப்பானா? ஏன்டா போடல?" மாமா கையில சுத்தின துணிய அவுத்துக்கினே முன்னாடி நடந்தாரு.

மறுநாள் காலையில சைக்கிள எடுத்தாரு. "வாடா, ஒரு எடத்துக்குப் போயிட்டு வரலாம்"னாரு. அவரு மேல நான் கடுப்புல இருந்தேன், ஆனா சைக்கிளு ஆச்சே, ஏறிட்டேன். திருப்புட்குழி. வழி முழுக்க அவரு இடுப்பக் கூடப் புடிக்காம சீட்டுக் கம்பியப் புடிச்சிக்கினு போனேன் நானு.

ஒரு கூரை வூடு. வாசல்ல கயித்துக் கட்டில்ல ஒருத்தர் உக்காந்திருந்தாரு, மாமா அளவுக்கே பெரிய ஒடம்பு. வாயி ஒரு பக்கமாத் தொங்குது, எச்சி வடியுது. யாரையும் பார்க்காம வேப்பமரத்தையே பார்த்துக்கினு இருந்தாரு. மாமா சட்டையக் கழட்டிட்டு, தண்ணியும் சோப்பும் வாங்கி, அவருக்கு ஷேவிங் பண்ண ஆரம்பிச்சாரு. அந்தச் செவப்புக் கையால தாடையத் தாங்கிப் புடிச்சிக்கினு, மெதுவா, அவ்ளோ மெதுவா.

அந்தாளோட சம்சாரம் மோரு எடுத்தாந்துது. "நேத்து சண்டை இன்னாச்சுண்ணா?"

"தோத்துட்டேம்மா."

"அந்தப் பையன்?"

"நடந்துதான் போனான். இட்டிலி வாங்கித் துன்னுட்டு ரயிலு ஏறினான்னு சொன்னாங்க."

"அப்ப சரிண்ணா"ன்னுச்சு அது. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. மாமா தோத்தாருன்றாரு, இந்தம்மா சரின்னுதே!

திரும்பி வரப்ப தாங்காம கேட்டுட்டேன். "அது யாரு மாமா?"

"என்கூட சண்டை போட்டவன்டா, முன்ன."

"யாரு ஜெயிச்சாங்க?"

கொஞ்ச தூரம் மிதிச்சாரு. "நான்தான்."

"எத்தினி ரவுண்டு?"

"ஒரே ரவுண்டு."

நேத்துலருந்து நெஞ்சுல ஏறியிருந்த கோவமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில அப்போதைக்கு எறங்கிப் போச்சு எனக்கு. எங்க மாமாவா கோச்சை? அவ்ளோ பெரிய ஆள ஒரே ரவுண்டுல சாச்சவராச்சே! பின் சீட்டுல உக்காந்துக்கினு, ஊரு வர்ற வரைக்கும் கை தட்டிக்கினே வந்தேன். மாமா இன்னாத்துக்கு ஒரு தபா கூடத் திரும்பிப் பார்க்கலன்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல.