ஓர்ஸ் ஹில் கூரையும் கோதுமைக் கப்பலும்

எங்கள் கம்பியில்லா இணைப்பு கிழமைக்கணக்கில் படுத்துக் கிடந்ததற்கு, துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கோதுமைக் கப்பலைத்தான் எல்லோரும் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். அது என் பிழை என்று தெரிந்துகொண்டே திட்டினேன்.

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் நாடகக் குழு. கடலுக்கு அப்பால் குறிஞ்சாக்கேணியில் களிகம்புக் குழு. கோல்களை அடித்துச் சுற்றி ஆடும் அவர்களின் ஆட்டத்தை எங்கள் புதிய நாடகத்தின் நடுவில் வைத்திருந்தோம். இரு பக்கமும் வேலைக்குப் போகிறவர்கள். தினமும் பஸ் ஏறி ஒத்திகைக்கு வர முடியாது. கைத்தொலைபேசியில் பார்த்து ஆடினால், அங்கே அடித்த கோல் இங்கே அடுத்த அடியின்போதுதான் கேட்டது. ஆகவே இரண்டு குழுக்களும் சேர்ந்து சொந்தமாக ஒரு கம்பியில்லா இணைப்பைக் கட்டினோம். கம்பனி எதுவும் இல்லை; பாவிக்கிறவர்களே உரிமையாளர்கள்.

கரைக்குக் கரை இரண்டு அலைவாங்கித் தட்டுகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். நான் ஓய்வுபெற்ற நில அளவையாளர் என்பதால், எங்கள் தட்டுக்கு இடம் பார்க்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். நாடக மண்டபத்துத் தண்ணீர்த் தாங்கியில் ஏறி அளந்தேன். என் வீட்டுக் கூரையிலும் ஏறி அளந்தேன். தாங்கிதான் உயரம், கப்பல் வந்து நின்றாலும் அதற்கு மேலால் பார்க்கலாம். ஆனால் என் கூரையே நல்லது என்று சொன்னேன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு என் வீட்டுக் கேற்றைத் திறக்கப் பால்காரரை விட்டால் ஆளில்லை. தட்டு என் கூரையில் இருந்தால் ஒத்திகை என் விறாந்தையில்தானே நடக்கும்.

நடந்தது. மாலைகளில் வீடு கலகலத்தது. அரசனாக நடித்தவர் கிரீடத்தைக் கழற்றாமலே என் குசினியில் தேங்காய் துருவுவார். பிறகு கப்பல் வந்து இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் நின்றது.

குறிஞ்சாக்கேணி அண்ணாவியார், அவர்தான் ஆட்டத்தைப் பழக்குபவர், தொலைபேசியில் அழைத்தார். எல்லோரும் கேட்கும்படி செயலாளர் அதை மேசையில் வைத்தார்.

"என்ன ஐயா, அந்தக் கப்பல் இன்னும் போகல்லையா? கோதுமை கொண்டுவந்தானா, மலையக் கொண்டுவந்தானா?"

"இன்னும் இறக்கி முடியேல்லைப் போல கிடக்கு," என்றேன்.

"ரெண்டு பக்கமும் வேற வேறயா ஆடிப்போட்டு மேடைக்கு ஏறினா மண்டைதான் உடையும். இந்தக் கிழமையும் சரிவரல்லன்னா எங்கள விட்டுட்டு நாடகத்தப் போடுங்க."

வங்கியில் வேலைபார்க்கும் எங்கள் செயலாளர் சத்தமாகப் பேசும் பெண். அன்று அவருடைய குரல் உடைந்தது. "அந்த ஆட்டத்தைச் சுத்தித்தானே நாடகமே எழுதினனாங்கள், அண்ணாவியார்."

அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை.

"கப்பலில பிழையில்லை, பிள்ளை. தட்டைத் தாங்கியில வைச்சிருந்தால் மறைச்சிராது. அளக்கேக்கையே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமோ? ஏன் ஐயா?"

"நீங்கள் எல்லாரும் இங்க வருவியள் எண்டுதான்."

மேசையிலிருந்த தொலைபேசியில் அண்ணாவியாரின் சிரிப்பு வந்தது. "அப்ப கப்பல் ஐயாதானா! பாவம், அந்தக் கப்பல்காரனுக்கெல்லோ நாங்க ஏசினம்!"

செயலாளர் சிரிக்கவில்லை. "ஆக்கள் வேணுமெண்டால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்," என்றார்.

அடுத்த நாளே தட்டைத் தாங்கிக்கு மாற்றினோம். கப்பல் அசையாமல் நின்றது. அதன் தலைக்கு மேலால் குறிஞ்சாக்கேணிக் கோல்களின் சத்தம் துல்லியமாக வந்து சேர்ந்தது. அண்ணாவியாரும் நாடகத்தை விட்டுப் போகவில்லை.

ஆனால் நான் வீணாக்கிய ஒத்திகைகள் திரும்பி வரவில்லை. நாடகத்தன்று மேடையில், ஆட்டத்தின் மூன்றாவது சுற்றில் அரசன் தவறான பக்கம் திரும்பினார். ஒரு கோல் பட்டுக் கிரீடம் பறந்து முன்வரிசையில் விழுந்தது. சபை அதை நாடகம் என்றே நினைத்துக் கைதட்டித் தீர்த்தது.

திரைக்குப் பின்னால் அரசன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். அண்ணாவியார் என் தோளில் கைபோட்டார்.

"அந்த அடி உங்கட கணக்கு, ஐயா."

"ஓம்," என்று சொல்லிவிட்டு, அரசனுக்கு ஐஸ்கட்டி தேடிப் போனேன்.